வட்டமாக நீந்தப் பழகியவள்

எனக்கு நீச்சல் தெரியும் என்று சொன்னால் எங்கள் பக்கத்து ஆட்கள் முதலில் கேட்பது, "எதுல?" என்றுதான். நியாயமான கேள்வி. எப்போதும்வென்றான் என்கிற ஊருக்குப் பக்கத்தில், கரிசல் காட்டுக்கு நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். ஐப்பசியில் மழை பெய்தால் கண்மாய் நிறையும். பங்குனிக்குள் அதே கண்மாயில் பையன்கள் ஸ்டம்பு ஊன்றிக் கிரிக்கெட் ஆடுவார்கள். அதற்குப் பிறகு தண்ணீர் என்பது குடத்தில் இருப்பது, சொம்பில் இருப்பது, மிஞ்சினால் பம்புசெட் கிணற்றின் அடியில் இருப்பது. இப்படிப்பட்ட ஊரிலிருந்து ஒரு நீச்சல்காரியை உண்டாக்க வேண்டும் என்று யாரும் திட்டம் போடவில்லை. கோவில்பட்டியில் ஒரு டாக்டர் சொன்னதை அப்பா தவறாகக் கேட்டதிலிருந்து அது ஆரம்பித்தது.

எனக்கு இரண்டு வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிவிட்டது. பள்ளிக்கூடம் போகும் வயதில் ஒரு முகாமில் இரும்புப் பட்டையும் தோல் வாரும் வைத்த காலிபரும், கனத்த பூட்சும் கொடுத்தார்கள். அதை மாட்டிக்கொண்டு நடந்தால் "கிணிங் கிணிங்" என்று சத்தம் வரும். தெருவில் போகும் செம்மறிகள் மணி கட்டிய முன்னத்தி ஆடு என்று நினைத்து என் பின்னாலேயே வந்துவிடும். ஒருமுறை ஒரு கிடை ஆடு மொத்தமும் என்னோடு மூன்றாம் வகுப்புக்குள் நுழைந்தது. டீச்சர் என்னைத் திட்டினார். ஆட்டுக்காரரும் என்னைத்தான் திட்டினார்.

டாக்டர் என் காலைப் பார்த்துவிட்டு, இடுப்புக்கும் தோளுக்கும் பலம் வேண்டும், தண்ணீரில் நீச்சல் பழக்குங்கள் என்று சொல்லியிருக்கிறார். அப்பாவின் காதில் "நீச்சத்தண்ணி" என்று விழுந்திருக்கிறது. பழைய சோறு ஊறிய தண்ணீருக்கு எங்கள் வீட்டில் அதுதான் பெயர். பெரிய படிப்புப் படித்த டாக்டரே சொன்ன பிறகு அம்மா சும்மா இருப்பாளா? காலை, மதியம், சாயங்காலம் என்று மூன்று வேளையும் ஒரு சொம்பு நீச்சத்தண்ணி, உப்புப் போட்டு. அடுத்த முறை போனபோது டாக்டர் கேட்டார்.

"பாப்பா நீச்சல் எப்படிப் பழகுறா?"

"நல்லா குடிக்கா சார்," என்றார் அப்பா. "மொதல்ல மூஞ்சியச் சுளிச்சா. இப்ப அவளே கேட்டு வாங்கிக் குடிக்கா."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். பிறகு இரண்டு கைகளையும் காற்றில் வீசி நீந்திக் காட்டினார். அப்பாவுக்கு அப்போதுதான் விளங்கியது.

அப்பா மைக் செட் வைத்திருந்தார். சுற்று வட்டாரத்தில் கல்யாணம், சடங்கு, கோயில் கொடை எதுவானாலும் அப்பாவின் குழாய் ஸ்பீக்கர்தான் கத்தும். ஆனால் அவருக்கு நீச்சல் தெரியாது. தலைக்குத் தண்ணீர் ஊற்றினாலே மூக்கைப் பொத்திக்கொள்கிற ஆள். இருந்தாலும் என்னை வேறு யாரிடமும் விட அவருக்கு மனசு வரவில்லை. ஊருக்குக் கிழக்கே ஒரு வட்டக் கிணறு இருந்தது. என் முதுகில் காலி எண்ணெய்க் கேன் ஒன்றைக் கட்டினார். இடுப்பில் ஸ்பீக்கர் வயரைச் சுற்றினார். வயரின் மறுமுனையை வேப்பமரத்தில் முடிந்தார். கீழே இருக்கிற பிள்ளைக்குத் தான் சொல்வது கேட்க வேண்டுமே என்று பேட்டரியும் ஆம்ப்ளிஃபயரும் கொண்டுவந்து, ஸ்பீக்கரைக் கிணற்றுக்குள் பார்த்த மாதிரித் தொங்கவிட்டு, கையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு மேலே நின்றார்.

"ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங். பாப்பா, கைய ஆட்டு. ரெண்டு காலையும் ஆட்டு." கொஞ்சம் நிறுத்தி, தொண்டையைச் செருமி, "மன்னிக்கவும். ஒரு கால மட்டும் ஆட்டு," என்றார்.

கிணற்றுச் சுவரில் பட்டு ஒவ்வொரு வார்த்தையும் மூன்று தரம் கேட்டது. பருத்திக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் வேலையை விட்டுவிட்டுக் கிணற்றைச் சுற்றி வந்து நின்றுவிட்டார்கள். அவர்களைக் கண்டதும் அப்பாவுக்குத் தொழில் ஞாபகம் வந்து, "அன்பார்ந்த தாய்மார்களே, கிணத்து ஓரத்துல நிக்காதீங்க," என்று ஆரம்பித்துவிட்டார். நான் உள்ளே தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தேன். அதற்கு நீச்சத்தண்ணி எவ்வளவோ மேல்.

இப்படியே கொஞ்ச நாள் போனது. ஒருநாள் கேனின் கயிறு அவிழ்ந்துவிட்டது. எனக்கு அது தெரியவில்லை. அப்பாவுக்கும் தெரியவில்லை, அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். கேன் ஒரு ஓரத்தில் மிதந்தது. நான் எதிர் ஓரத்தில் போய்க்கொண்டிருந்தேன். மேலிருந்து குரல் வந்தது: "கைய ஆட்டுன்னு சொல்லுதேன்ல. ஏன் சும்மாவே கெடக்கே? ஒறங்கிட்டியா?" நான் திரும்பிப் பார்த்தால் அப்பா கேனைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தார். "அப்பா, நான் இங்கன இருக்கேன்," என்று கத்தினேன். அவர் கண்ணாடியை மாட்டினார், என்னைப் பார்த்தார், கேனைப் பார்த்தார். பயத்தில் மைக்கைக் கிணற்றுக்குள் போட்டுவிட்டார். எனக்கு நீச்சல் வந்துவிட்டது என்று தெரிந்தது அப்படித்தான். மைக்கை எடுக்க வேறொருவரை இறக்க வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு என்னைக் கிணற்றிலிருந்து வெளியே எடுப்பதுதான் வேலையாகப் போயிற்று. தரையில் என் கால் என்னோடு வர மாட்டேன் என்று அடம்பிடிக்கும். அதை இழுத்துக்கொண்டுதான் எங்கேயும் போக வேண்டும். தண்ணீருக்குள் அது சொன்னபடி கேட்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கனமே இருக்காது. யாரோ ஒரு வேண்டாத விருந்தாளி எழுந்து போன மாதிரி இருக்கும். காலிபரைக் கிணற்றுப் படியில் கழற்றி வைத்துவிட்டு, சுவரை ஒட்டி வட்டம் வட்டமாகச் சுற்றுவேன். வட்டக் கிணற்றில் வேறு எப்படிச் சுற்ற முடியும்? வருஷக்கணக்காக இடது பக்கமாகவே சுற்றினேன். செக்கு மாடு மாதிரி என்று அம்மா சொல்வாள்.

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது, கோவில்பட்டியில் ஒரு பள்ளி மைதானத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான விளையாட்டு விழா நடந்தது. அப்போது வேறு பெயர் சொல்வார்கள், அது எதற்கு இப்போது. அந்த விழாவுக்கு அப்பாவின் மைக் செட்தான். என்னையும் கூட்டிப் போயிருந்தார். விழாக்காரர் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்து அறிவிக்கச் சொன்னார். அப்பா வாசித்தார்: "அடுத்த வாரம் திருநெல்வேலியில் நீச்சல் போட்டி நடைபெறும். விருப்பம் உள்ளவர்கள் மேடைக்கு வந்து பெயர் கொடுக்கவும்." மூச்சு விடாமல் அதே குரலில் தொடர்ந்தார்: "முதலாவதாகப் பெயர் கொடுத்திருப்பவர் எப்போதும்வென்றான் வழி..." என்று என் பெயரையும் அப்பா பெயரையும் ஊர்ப் பெயரையும் சொல்லி, "அன்னாருக்கு நம் வாழ்த்துகள்," என்று முடித்தார். எனக்கு வாய் நிறையக் கடலை மிட்டாய். வேண்டாம் என்று சொல்ல வாய் திறப்பதற்குள் கைதட்டிவிட்டார்கள்.

போட்டிக்கு நீச்சல் சூட் வேண்டும் என்றார்கள். அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு பஜாரில் ஒரு பெரிய ஜவுளிக்கடைக்குப் போனாள்.

"அண்ணாச்சி, நீச்சல் சூட்டு இருக்கா?"

"சூட்டுன்னா கோட்டும் பேண்ட்டுமாம்மா? மாப்பிள்ளைக்கா?"

"இல்ல, இந்தப் பிள்ளைக்கு. தண்ணிக்குள்ள போட."

கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தண்ணிக்குள்ள கோட்டுப் போட்டா ஊறிரும்லாம்மா," என்று ரொம்ப அக்கறையாகச் சொன்னார். கடைசியில் தூத்துக்குடியில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் கிடைத்தது. அம்மா அதைக் கையில் விரித்துப் பார்த்தாள். பைக்குள் கையை விட்டுத் துழாவினாள். "மிச்சத் துணி எங்க?" என்று கடைக்காரப் பையனிடம் கேட்டாள். மிச்சம் இல்லை என்று தெரிந்ததும் வீட்டுக்கு வந்து, முழங்கைக்குக் கையும் முழங்காலுக்குப் பாவாடையும் வைத்துத் தைத்தாள். கழுத்தில் சின்னதாகச் சுருக்கு வேறு.

திருநெல்வேலி நீச்சல் குளத்தைப் பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது. அடியில் தரை தெரிந்தது! எங்கள் கிணற்றில் கை நீட்டினால் விரல் தெரியாது. அதனால் பயமும் தெரியாது. இங்கே மொட்டை மாடி விளிம்பில் நிற்கிற மாதிரி இருந்தது. அம்மாவின் கவலை வேறு. "இம்புட்டுத் தண்ணியும் சும்மாவா கெடக்கு? எத்தன ஏக்கர் பருத்திக்குப் பாயும்," என்று பக்கத்தில் நின்றவர்களிடம் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

விசில் அடித்தார்கள். இறங்கினேன். அம்மா தைத்த பாவாடைக்குள் காற்றுப் புகுந்து குடை மாதிரி விரிந்தது. அதையும் இழுத்துக்கொண்டு முழு மூச்சாக நீந்தினேன். கொஞ்ச தூரத்தில் ஒரு கயிறு குறுக்கே வந்தது. தாண்டினேன். இன்னொரு கயிறு வந்தது. அங்கே ஒரு அக்கா நீந்திக்கொண்டிருந்தார். "தள்ளிக்கோங்கக்கா," என்று சொல்லிவிட்டு அவரையும் தாண்டினேன். பிறகு சுவர் தென்பட்டது. ஓங்கித் தொட்டேன். நிமிர்ந்து பார்த்தால் எனக்கு முன்னால் யாரும் வந்திருக்கவில்லை. முதல் பரிசு! கையைத் தூக்கினேன். மேலே இருந்து அப்பா மைக் இல்லாமலேயே ஊர்ப் பெயரைச் சொல்லிக் கத்தினார்.

குளத்தில் பயிற்சி கொடுக்கிற ஒரு இளம்பெண் ஓடிவந்து என் முன்னால் குந்தினார். திருநெல்வேலிக்காரர். பின்னால் அவர்தான் என் கோச் ஆனார்.

"ஏட்டி, எங்க போயிட்டு வாரே?"

"சுத்தி வந்தேன்க்கா."

"நீ ஆரம்பிச்ச எடத்துக்கேல்லா வந்திருக்கே. போட்டி அந்தக் கரைக்கு."

"எங்க கிணத்துல எல்லாம் ஒரே கரைதான்க்கா."

அவர் சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீரை என் முகத்தில் அடித்தார். நான் அழ ஆரம்பித்தேன். எப்போதும்வென்றான் வழி என்று விலாசம் வைத்துக்கொண்டு தோற்றுப் போவது எவ்வளவு கேவலம்! அவர் என் தோளைப் பிடித்துப் பார்த்தார். "அழாத. அந்தப் பாவாடையையும் சேத்து இழுத்துட்டு இம்புட்டு வேகத்துல வந்திருக்கே. கை நல்லா இழுக்குது. நேரா போக மட்டும் பழகிட்டு வா. மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்," என்றார்.

நேராகப் போகப் பழக நீளமான தண்ணீர் வேண்டும். அந்த வருஷம் கடவுள் புண்ணியத்தில் கண்மாய் நிறைந்திருந்தது. உள்ளாட்சித் தேர்தலும் அப்போதுதான் முடிந்திருந்தது. மைக் செட் வாடகைக்கு எடுத்த ஒரு கட்சிக்காரர்கள் விட்டுப்போன கொடித் தோரணம் அப்பாவிடம் மூட்டையாகக் கிடந்தது. சவுக்குக் கம்பு ஊன்றி, அந்தத் தோரணத்தை இரண்டு வரிசையாகக் கண்மாய்க்குக் குறுக்கே கட்டினார். நடுவில் நான் நீந்த வேண்டும்.

மறுநாள் காலையில் எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் வந்துவிட்டார். "அண்ணாச்சி, நம்ம ஊர்ப் பிள்ள அவிய கொடிக்குள்ள மட்டும் நீஞ்சுனா நல்லாவா இருக்கு? நாங்களுந்தான உங்ககிட்ட மைக் செட்டு எடுத்தோம்?" அப்பாவால் மறுக்க முடியவில்லை. பக்கத்தில் அவர்கள் கொடியில் இன்னொரு பாதை வந்தது. சாயங்காலம் மூன்றாவது ஆள் வந்தார். சுயேச்சையாக நின்று, சொந்தக்காரர்கள் ஓட்டுக்கூட விழாமல் தோற்றவர். அவரிடம் கொடி இல்லை. அவருடைய சின்னம் வாளி. மிச்சம் இருந்த பிளாஸ்டிக் வாளிகளைக் கயிற்றில் கோத்துக் கவிழ்த்து மிதக்கவிட்டார். உண்மையைச் சொன்னால் மூன்றில் அதுதான் நல்ல பாதை. கொடி தண்ணீரில் முங்கியது, வாளி மிதந்தது. ஆனால் இரண்டே நாளில் வாளிகளைக் காணவில்லை. ஊரில் பல வீடுகளில் புது வாளி இருந்தது. "தேர்தலுக்கு முன்னால எடுத்திருந்தா ஓட்டாவது விழுந்திருக்கும்," என்று அவர் ரொம்ப நாள் புலம்பினார்.

ஒருநாள் இந்தப் பாதை, மறுநாள் அந்தப் பாதை என்று கட்சி பேதம் இல்லாமல் நீந்தினேன். இருந்தும் இடது பக்கம் சாய்வது நிற்கவில்லை. அதைச் சரிபண்ணியது ஒரு எருமை. கண்மாய்க்கு இந்தப் பக்கம் இறங்கி அந்தப் பக்கம் மேயப் போகிற எருமை அது. எந்தக் கொடியையும் மதிக்காது. நூல் பிடித்த மாதிரி நேராகப் போகும். அதன் வாலைக் கண்ணில் வைத்துக்கொண்டு பின்னாலேயே போவேன். சாயங்காலம் அது திரும்பும்போது நானும் திரும்புவேன். அடுத்த தடவை திருநெல்வேலிக் குளத்தில் என்னை இறக்கிப் பார்த்த கோச், "அடேயப்பா, கோடு கிழிச்ச மாதிரிப் போறியே. யாருட்டி பழக்குனது?" என்று கேட்டார். "ஒரு எருமைதான்க்கா," என்றேன். யாரையோ மரியாதையில்லாமல் பேசுகிறேன் என்று நினைத்துக் கோபித்துக்கொண்டார்.

பத்தாம் வகுப்பு முடிந்ததும் திருநெல்வேலியில் விடுதியில் தங்கிப் படித்தேன். காலையும் மாலையும் குளம். இந்த இடத்தில் சிரிப்பதற்கு அதிகம் இல்லை. தோள் பட்டையில் வலி இறங்கவே இறங்காது. தலை துவட்டக் கையைத் தூக்க முடியாமல் ஈரத் தலையோடு வகுப்பில் போய் உட்கார்ந்து தூங்குவேன். போதும், ஊருக்குப் போகிறேன் என்று பலமுறை பையைக் கட்டினேன். கோச் தடுக்க மாட்டார். "போ. போயி என்ன செய்வே?" என்று மட்டும் கேட்பார். பதில் யோசிப்பதற்குள் சாயங்காலப் பயிற்சி நேரம் வந்துவிடும். விடுமுறைக்கு வீட்டுக்குப் போனால் அம்மா என் தலையை மோந்து பார்த்து, "பிளீச்சிங் பவுடர் வாடை அடிக்கி. பஞ்சாயத்துத் தொட்டி மாதிரில்லா மணக்கே," என்பாள்.

மாவட்டம், மாநிலம் என்று ஜெயித்து, தேசியப் போட்டிக்குத் தேர்வானேன். பாராலிம்பிக் நீச்சல் என்று அப்பா ஊரில் சொல்லி வைத்தார். "பார் ஒலிம்பிக்கா? பொம்பளப் பிள்ளைய பாருக்கெல்லாமா அனுப்புவாவ?" என்று தெருவில் ஒரு பெரியவர் நேராக அம்மாவிடமே வந்து கேட்டார். அதனாலேயே அம்மாவும் என்னோடு ரயில் ஏறினாள். பார் இருக்கிறதா என்று பார்க்க.

அங்கே போட்டிக்கு முன்னால் ஒரு பரிசோதனை உண்டு. யாருக்கு எவ்வளவு குறைபாடு என்று டாக்டர்கள் பார்த்து வகுப்புப் பிரிப்பார்கள். ஒத்த குறைபாடு உள்ளவர்கள்தான் சேர்ந்து நீந்த வேண்டும். ஒரு அறையில் நாற்காலி போட்டு நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். கோச் மொழிபெயர்க்க வந்தார். அம்மா புதுச் சேலை கட்டிக்கொண்டு, எனக்கும் பூ வைத்து, கூடவே வந்தாள்.

"இவங்களால் எவ்வளவு தூரம் நடக்க முடியும்?" என்று கேட்டார்கள்.

கோச் வாய் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "நல்லா நடப்பா. லேசாச் சாய்ஞ்சாப்புல இருக்கும், அம்புட்டுத்தான். சேலை கட்டிட்டா தெரியவே தெரியாது."

"படி ஏற முடியுமா?"

"ஓடுவா! வீட்டு வேல பூரா இவதான் பாப்பா. தண்ணி சுமப்பா, மாவாட்டுவா."

நான் வீட்டில் ஒரு தம்ளரைக்கூட நகர்த்தியது கிடையாது. கோச் அம்மாவின் காதில் குனிந்து, "அம்மா, இங்கன உள்ளதச் சொல்லணும். நீங்க இப்படிச் சொன்னா ரெண்டு காலும் நல்லா இருக்கவங்களோட போடுவாங்க. பிள்ள கடைசியா வருவா," என்றார். அம்மாவும் காதோடு காதாகச் சொன்னாள், "நாலு ஆம்பளைய உக்காந்திருக்காவ. அவிய முன்னால எப்படிம்மா கொறையச் சொல்ல?"

ஒரு டாக்டர் என் முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டினார். கால் அசையவில்லை. "ரயில்ல வந்த அலுப்பு," என்றாள் அம்மா. காலைத் தூக்கச் சொன்னார். தூக்க முடியவில்லை. "பிள்ளைக்குக் கூச்சம்," என்றாள் அம்மா. கடைசியில் டாக்டர்கள் அவர்களாகவே ஆங்கிலத்தில் பேசிக்கொண்டு எனக்குரிய சரியான வகுப்பை எழுதினார்கள். வெளியே வந்ததும் அம்மா கோச்சின் கையைப் பிடித்துக்கொண்டு ரகசியமாகக் கேட்டாள்: "என்ன சொல்லுதாவ? பிடிச்சிருக்காமா?"

எனக்கு வந்த சிரிப்பில் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அம்மா சிரிக்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "உனக்கு ரெண்டு வயசானதுலருந்து கண்டவனெல்லாம் கேப்பான், ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னு சொல்லியே பழகிட்டேன். திடீர்னு கொறைய நல்லாக் காட்டுன்னா எனக்கு எப்படிட்டி வரும்?" என்றாள். நான் சிரிப்பை நிறுத்தி அவள் தோளில் சாய்ந்துகொண்டேன். பிறகு அவளே, "அந்த ஓரத்துல இருந்த டாக்டருக்குக் கல்யாணம் ஆயிட்டாமா?" என்று கேட்டாள்.

அந்தத் தடவை மூன்றாவதாக வந்தேன். அடுத்த வருஷம் முதலாவதாக வந்தேன். அதற்கடுத்து இந்திய அணியில் வெளிநாட்டுக்குப் போனேன். அம்மா வர முடியாததால் ஒரு பை நிறைய முறுக்கும் பருப்புப் பொடியும் வந்தன.

அந்தப் போட்டி இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. என் பக்கத்துப் பாதைப் பெண் என்னைவிட ஒரு முழம் உயரம். தண்ணீருக்குள் நின்று சுவர்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். சத்தம் கேட்டதும் விட்டேன். முதல் பாதியில் எதுவும் ஞாபகம் இல்லை. திரும்பும்போது பின்தங்கியிருக்கிறேன் என்று மட்டும் தெரிந்தது. மார்பு எரிந்தது. தோளில் அந்தப் பழைய வலி வந்து உட்கார்ந்தது. அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை என்று தோன்றியது. யோசிப்பதை விட்டுவிட்டு இழுத்தேன், இழுத்துக்கொண்டே இருந்தேன். விரல் சுவரில் மோதி நகம் பெயர்ந்தது.

நீச்சல் கண்ணாடி முழுக்க ஆவி. முடிவுப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியவில்லை. பக்கத்துப் பெண்ணைப் பார்த்து "நான்?" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். அவள் சிரித்துக்கொண்டே இரண்டு விரலைக் காட்டினாள். அவள் ஜெயித்ததற்கு எனக்கு ஏன் வெற்றிச் சின்னம் காட்டுகிறாள் என்று கோபம் வந்தது. கரையில் கோச் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுக் குதிப்பதைப் பார்த்த பிறகுதான் அந்த இரண்டு என் இரண்டு என்று புரிந்தது. இரண்டாவது இடம். வெள்ளி. தண்ணீருக்குள்ளேயே அழுதேன். அங்கே அழுதால் ஒரு வசதி, யாருக்கும் தெரியாது.

எங்கள் ஊரில் உரக்கடையில்தான் போன் இருந்தது. அங்கே கூப்பிட்டு அப்பாவை வரச் சொன்னேன். லைனில் கடலே இரைகிற மாதிரிச் சத்தம்.

"அப்பா! வெள்ளி! வெள்ளி!"

"வெள்ளியா? சரிம்மா! எத்தன மணிக்கு?"

"என்னது? சாயங்காலம்ப்பா, இப்பத்தான் முடிஞ்சுது!"

"சாயங்காலமா? சரி சரி! நாங்க எல்லாரும் வந்துருதோம்!"

லைன் போய்விட்டது. அப்பா எங்கே வருகிறார் என்று எனக்குப் புரியவில்லை. சந்தோஷத்தில் ஏதோ உளறுகிறார் என்று விட்டுவிட்டேன்.

சென்னையில் பாராட்டு விழா என்று பிடித்து வைத்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் கோவில்பட்டி ஸ்டேஷனில் வந்து இறங்கினேன். ஒரு ஈ காக்கை இல்லை. ஒரு மாலையாவது இருக்கும் என்று ரயிலிலேயே தலை சீவி, பவுடர் போட்டு, பதக்கத்தை வெளியே தெரியும்படி போட்டிருந்தேன். டிக்கெட் பரிசோதகர் மட்டும், "என்னம்மா அது, ஸ்கூல்ல குடுத்ததா?" என்று கேட்டார். பதக்கத்தைச் சுடிதாருக்குள் விட்டுக்கொண்டு, ஆட்டோ பிடித்து, பஸ் ஏறி, ஊருக்கு வந்தேன்.

அம்மா வாசலில் உட்கார்ந்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சுளகைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். கட்டிப் பிடித்தாள். பிறகு தள்ளி நிறுத்தி, "இப்ப வந்து நிக்கே? உன்னத்தான் வெள்ளிக்கெழமையே வரவேத்து முடிச்சாச்சே!" என்றாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊரே வேன் பிடித்து ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறது. மேளம், ஆளுயர மாலை, அப்பாவின் மைக் செட், இரண்டு கட்சிக் கொடியும். ரயில் வந்தது, நான் இறங்கவில்லை. அந்தச் சமயம் பார்த்து வெளியூரில் விளையாடித் தோற்றுவிட்டு, கோவில்பட்டி ஹாக்கிப் பையன்கள் சிலர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு இறங்கியிருக்கிறார்கள். கட்டிய மாலை வாடிவிடும், மேளக்காரருக்கும் அவசரம். எங்கள் ஊர்க்காரர்கள் அந்தப் பையன்களுக்கு மாலையைப் போட்டு, வேனில் ஏற்றி, அப்பா மைக்கில் என் சாதனைகளை எல்லாம் வாசிக்க, பஜார் முழுவதும் சுற்றி வந்திருக்கிறார்கள். "நாங்க ஆறு கோலு வாங்கித் தோத்துட்டோம்ண்ணே," என்று ஒரு பையன் அழுகிற குரலில் சொன்னானாம். "பரவால்லப்பா, பிள்ள ஜெயிச்சிட்டால்லா," என்றாராம் அப்பா. அவனுக்குக் கடைசிவரைக்கும் எந்தப் பிள்ளை என்று தெரியாது.

ஸ்டேஷனிலிருந்து அடக்கி வந்த அழுகை சிரிப்பாக மாறி மூக்கு வழியாக வந்தது. அதற்குள் அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடிவிட்டார்கள். நான் பதக்கத்தை எடுத்து அம்மாவின் கையில் வைத்தேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கையில் ஏந்தி எடை பார்த்தாள்.

"ஏட்டி, இம்புட்டுக் கனமா இருக்கே," என்றாள் ஆச்சரியமாக. "இதையும் கழுத்துல போட்டுக்கிட்டா நீஞ்சுனே?"

சுற்றி நின்ற எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"ஆமாம்மா," என்றேன்.

எனக்கு அரசாங்க வேலை கிடைத்து வருஷங்கள் ஆகிவிட்டன. இன்றைக்கும் எங்கள் தெருவில் யாராவது புதிதாக வந்தால் அந்தப் பெண்கள் சொல்வது இதைத்தான்: ஒத்தக் காலோட, கழுத்துல அம்புட்டுக் கனத்தையும் கட்டிக்கிட்டு நீஞ்சி, ரெண்டாவதா வந்தா, கனம் மட்டும் இல்லன்னா மொதல்ல வந்திருப்பா.